கணிப்பொறியை உறங்க வைப்பதா, நிறுத்துவதா?

வேலை முடிந்தது. கணிப்பொறியை விட்டு எழுந்திருக்கப் போகிறீர்கள். திரையின் மூலையில் உள்ள மின் விசைக் குறியை அழுத்தியதும் மூன்று சொற்கள் வந்து நிற்கின்றன: ஸ்லீப், ஷட்டவுன், ரீஸ்டார்ட். உறங்கு, நிறுத்து, மீண்டும் தொடங்கு என்று இவற்றுக்குப் பொருள் கொள்ளலாம். இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது?

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்குக் கிடைக்கும் அறிவுரைகளோ பலவகை. "அடிக்கடி அணைத்துப் போட்டால் மெஷின் கெட்டுவிடும், ஸ்லீப்பிலேயே விடு" என்பார் ஒருவர். "ஸ்லீப்பில் விட்டால் கரண்டு பில் எகிறும்" என்பார் இன்னொருவர். "எந்தக் கோளாறானாலும் ஷட்டவுன் செய்துவிட்டு மறுபடி போடு, சரியாகிவிடும்" என்பார் மூன்றாமவர்.

இம்மூன்றையும் நாம் உரைத்துப் பார்க்கலாம். முதல் இரண்டிலும் உள்ள பிழை, கணக்குப் போட்டுப் பார்க்காமல் பேசுவதால் வரும் பிழை. மூன்றாவதன் கதை வேறு. அந்த அறிவுரை ஒரு காலத்தில் முற்றிலும் சரியாக இருந்தது. இன்று பல கணிப்பொறிகளில் அது பலிப்பதில்லை. அதற்குக் காரணம் அறிவுரை கூறுபவர் அல்லர். பொறியின் மீது எழுதப்பட்ட சொல்லின் பொருளைச் சத்தமில்லாமல் மாற்றியவர்களே என்பது என் குற்றச்சாட்டு.

நினைவு எங்கே இருக்கிறது?

முதலில் ஓர் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். கணிப்பொறியில் நினைவு இரண்டு இடங்களில் தங்குகிறது. ஒன்று, 'ரேம்' எனப்படும் செயல் நினைவகம். மற்றொன்று, வன்தட்டு அல்லது அதன் இடத்தைப் பிடித்துவரும் எஸ்.எஸ்.டி. நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் கடிதம் இப்போது இருப்பது ரேமில். 'சேமி' என்று கட்டளையிட்ட பிறகே அது தட்டுக்குப் போகிறது.

ரேமில் ஒவ்வொரு துணுக்குச் செய்தியும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக வைக்கப்படுகிறது. அதற்குக் காவலாக ஒரு டிரான்சிஸ்டர். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு என்பவர் 1968 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மிகச் சிக்கனமான அமைப்புதான். ஆனால் ஒரு குறை உண்டு. மின்தேக்கியில் ஏற்றிய மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடும். எனவே ஏறத்தாழ 64 மில்லி வினாடிகளுக்கு ஒருமுறை எல்லா மின்தேக்கிகளையும் படித்துப் பார்த்து மீண்டும் நிரப்பியாக வேண்டும். ஓட்டைக் குடத்தில் நீரை நிறுத்திவைக்க ஒருவர் ஓயாமல் ஊற்றிக்கொண்டே இருப்பதை இதற்கு ஒப்பிடலாம். ஊற்றுபவர் நின்றால் குடம் காலி. மின்சாரம் நின்றால் நினைவு காலி. தட்டில் எழுதியது அப்படியன்று. மின்சாரம் இல்லாவிட்டாலும் அது அழியாது.

இப்போது மூன்று நிலைகளையும் எளிதில் வேறுபடுத்தலாம்.

உறக்கத்தில் செயலகம், திரை, தட்டு, விசிறி அனைத்தும் ஓய்கின்றன. ரேமுக்கு மட்டும் சொட்டு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். தட்டிய உடனே விட்ட இடத்திலிருந்து பொறி எழுந்துவிடும்.

'ஹைபர்னேட்' என்றொரு நிலையும் உண்டு. குளிர்நாட்டு விலங்குகளின் நீண்ட உறக்கத்திலிருந்து எடுத்த பெயர். இதில் ரேமில் உள்ளதெல்லாம் தட்டில் நகலெடுக்கப்பட்டு, பிறகு மின்சாரம் நிறுத்தப்படும். மறுபடி எழும்போது அந்த நகல் ரேமுக்குத் திரும்பும்.

முழு நிறுத்தத்தில் ரேம் காலியாக விடப்படும். மறுபடி தொடங்கும்போது எல்லாமே முதலிலிருந்து கட்டப்படும்.

இந்நிலைகளை வரையறுத்து இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996 ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு பொது நெறியை வெளியிட்டன. எந்த நிறுவனத்தின் பொறியாக இருந்தாலும் உறக்கம் என்றால் இன்னது, நிறுத்தம் என்றால் இன்னது என்று அதனால் தெளிவு பிறந்தது. நல்ல பணி. பின்னால் நடந்ததை எடைபோட இந்தத் தெளிவுதான் நமக்கு அளவுகோல்.

கரண்டு பில் கணக்கு

உறக்கத்தில் இருக்கும் மேசைக் கணிப்பொறி ஏறத்தாழ 2 வாட் எடுப்பதாகக் கொள்வோம். இரவில் 10 மணி நேரம் என்றால் 20 வாட்-மணி. முப்பது நாட்களுக்கு 600 வாட்-மணி. அதாவது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. இதனால் பில் எகிறாது.

நிறுத்திய கணிப்பொறியும் முழுப் பட்டினி கிடப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1995 ஆம் ஆண்டில் அறிமுகமான ஏ.டி.எக்ஸ். வகை மின்வழங்கியில், சுவரிலுள்ள சுவிட்சை அணைக்காத வரை 5 வோல்ட் இணைப்பு ஒன்று விழித்தே இருக்கும். பொத்தானை அழுத்தியதும் பொறி உயிர்பெறுவது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2008 ஆம் ஆண்டில் இயற்றிய ஒரு விதி, இப்படிச் சும்மா இருக்கும் சாதனங்கள் உண்ணும் மின்சாரத்தை 2010 முதல் 1 வாட் என்றும், 2013 முதல் அரை வாட் என்றும் கட்டுப்படுத்தியது.

அப்படியானால் மின்சாரம் எங்கே வீணாகிறது? உறங்கவும் வைக்காமல், நிறுத்தவும் செய்யாமல், திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறோமே, அங்கேதான். சும்மா விழித்திருக்கும் மேசைக் கணிப்பொறி 50 வாட் எடுப்பதாகக் கொண்டால், அதே 10 மணி நேரம், அதே முப்பது நாட்களில் 15 யூனிட் ஆகிறது. உறக்கமா நிறுத்தமா என்று வாதாடிக்கொண்டே பொறியை விழிக்க விட்டுவிடுபவர்தான் உண்மையில் நட்டப்படுபவர்.

"தொடங்கும்போது ஒரேயடியாகக் கரண்டு இழுக்கும்" என்ற நம்பிக்கையையும் பார்த்துவிடுவோம். தொடக்கத்தில் ஒரு மின்னோட்டப் பாய்ச்சல் இருப்பது மெய். ஆனால் அது ஒரு வினாடியின் சிறு பின்னம்தான். ஆற்றல் என்பது திறனையும் நேரத்தையும் பெருக்கி வருவது. 100 வாட் வீதம் இரண்டு நிமிடம் தொடங்கினாலும் செலவு 3.3 வாட்-மணியே. 2 வாட் உறக்கத்தில் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் அதே ஆற்றல் செலவாகிவிடும். ஆகவே இரண்டு மணி நேரத்திற்கு மேல் பொறி தேவையில்லை என்றால் நிறுத்துவது சிக்கனம். ஆனால் அந்தச் சிக்கனம் மிகச் சிறியது. அதற்காக எவரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

தேய்மானம்

அடிக்கடி நிறுத்தித் தொடங்கினால் பொறி தேயுமா? பொருள்கள் சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்குவதால் பற்றவைப்புகள் களைப்படைவது இயற்பியல் உண்மை. சுழலும் வன்தட்டு எத்தனை முறை தொடங்கி நிற்கலாம் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. மேசைக் கணிப்பொறித் தட்டுகள் பலவற்றிற்கு உற்பத்தியாளர்கள் 50,000 முறை என்று குறித்திருக்கிறார்கள். நாளைக்கு ஐந்து முறை என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,825 முறை. வகுத்துப் பாருங்கள், 27 ஆண்டுகள் ஆகும். அதற்குள் கணிப்பொறி பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

இந்த வாதத்தில் இன்னொரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. உறக்கத்திலும் தட்டு நிற்கிறது, செயலகம் ஆறுகிறது. நிறுத்தத்தால் வரும் தேய்மானம் உறக்கத்தாலும் வரும். எனவே உறக்கத்திற்குச் சாதகமாக இந்தக் காரணத்தைக் காட்டுவது பொருந்தாது.

முதல் இரண்டு அறிவுரைகளும் இவ்வாறு கணக்கில் கரைந்துவிடுகின்றன.

ஏன் மறுபடி தொடங்கினால் சரியாகிறது?

மூன்றாவது அறிவுரைக்கு வருவோம். "அணைத்துப் போடு" என்பது வெறும் கைவைத்தியமன்று. பொறி நெடுநேரம் ஓடும்போது நிரல்களின் சிறு பிழைகள் ரேமில் சேர்ந்துகொண்டே போகும். திருப்பித் தராத நினைவிடங்கள், தவறான நிலையில் சிக்கிக்கொண்ட இயக்கிகள், நிரம்பி வழியும் எண்ணிகள் எனப் பலவகை. ரேமைக் காலிசெய்து முதலிலிருந்து தொடங்கினால், சேர்ந்த பிழைகள் எல்லாம் சுழியாகிவிடும்.

எண்ணி நிரம்புவதற்கு ஓர் எடுத்துக்காட்டு. விண்டோஸ் 95-இல் மில்லி வினாடிகளை எண்ணும் 32 பிட்டு எண்ணி ஒன்று இருந்தது. 2-ஐ 32 முறை பெருக்கினால் எத்தனை மில்லி வினாடி வருகிறதோ, அவ்வளவுதான் அதன் கொள்ளளவு. அது 49.7 நாள். அதற்கு மேல் நிறுத்தாமல் ஓடிய பொறி அசைவற்று நின்றுவிடக்கூடும் என்பது பின்னரே கண்டுபிடிக்கப்பட்டது.

இது வேடிக்கையாகத் தோன்றலாம். பின்வருவது வேடிக்கையன்று. 1991 ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு படைவீடு மீது ஸ்கட் ஏவுகணை விழுந்தது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் மாண்டனர். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியட் ஏவுகணை அமைப்பின் கணிப்பொறி அப்போது 100 மணி நேரத்திற்கும் மேலாக நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குள் நடந்தது இது. அந்தக் கணிப்பொறி நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. நம் தசம முறையில் மூன்றில் ஒன்றை 0.333 என்று முடிவில்லாமல் எழுத நேர்வதுபோல, இரும முறையில் பத்தில் ஒன்று முடிவில்லாமல் நீளும். 24 பிட்டுகளோடு அதை வெட்டியதால் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் 0.000000095 வினாடி அளவுக்குப் பிழை. 100 மணி நேரத்தில் 36 இலட்சம் எண்ணிக்கைகள். பெருக்கினால் 0.34 வினாடி. வினாடிக்கு 1,676 மீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணை அந்த நேரத்தில் அரை கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். கணிப்பொறி தவறான இடத்தில் தேடியது. கண்டுகொள்ளவில்லை.

அமைப்பை மறுபடி தொடங்கியிருந்தால் கடிகாரம் சுழியாகியிருக்கும். அதற்கு ஆகும் நேரம் 60 முதல் 90 வினாடி. நெடுநேரம் ஓட்டினால் குறி பிசகலாம் என்ற எச்சரிக்கை நான்கு நாட்களுக்கு முன்பே அனுப்பப்பட்டிருந்தது. ஆனால் நெடுநேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று அதில் சொல்லப்படவில்லை. திருத்திய நிரல் தஹ்ரானை அடைந்தது மறுநாள், பிப்ரவரி 26-இல்.

நம் வீட்டுக் கணிப்பொறி ஏவுகணையை எதிர்க்கப்போவதில்லை. ஆயினும் பாடம் ஒன்றே. ஒரு பொறி எப்போது சுழியிலிருந்து தொடங்குகிறது என்பது அதை ஆள்பவருக்கு ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும். சொல் தெளிவாக இல்லாவிட்டால் எச்சரிக்கையும் பயன்படாது.

நிறுத்தாத நிறுத்தம்

இனி என் குற்றச்சாட்டு. 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 8-இல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வேகத் தொடக்க முறை சேர்க்கப்பட்டது. இம்முறை இயங்கும் பொறியில் 'ஷட்டவுன்' என்பதை அழுத்தினால், நீங்கள் திறந்துவைத்த நிரல்கள் மூடப்படுகின்றன. ஆனால் இயக்க முறைமையின் கருவும் இயக்கிகளும் மூடப்படுவதில்லை. அவற்றின் நிலை அப்படியே தட்டில் நகலெடுக்கப்படுகிறது. மறுநாள் அந்த நகல்தான் ரேமுக்குத் திரும்புகிறது. மேலே சொன்ன குளிர்கால உறக்கத்தின் பாதி இது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றிலும் இது தொடர்கிறது.

இதைச் செய்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. சுழலும் வன்தட்டுகள் பெரும்பான்மையாக இருந்த காலம் அது. பொறி எழுவதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம். புதிய முறையால் பெரும்பாலான பொறிகள் 30 முதல் 70 விழுக்காடு விரைவாகத் தொடங்கும் என்று 2011-இல் அந்நிறுவனம் அறிவித்தது. பொறியியல் நோக்கில் இது கெட்டிக்காரத்தனமான வேலைதான். நான் குறை கூறுவது அந்த வேலையை அன்று. புதிய செயலுக்குப் பழைய பெயரையே வைத்துக்கொண்டார்களே, அதைத்தான்.

விளைவு என்ன? பொறியில் கோளாறு. "அணைத்துப் போடு" என்ற அறிவுரையைக் கேட்டு மாணவர் ஷட்டவுன் செய்கிறார். மறுபடி போடுகிறார். கோளாறு அப்படியே இருக்கிறது. சிக்கிய இயக்கியும் நகலோடு சேர்ந்து திரும்பி வந்துவிட்டது. பொறி பழுது என்று முடிவுகட்டிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகிறார். உண்மையில் 'ரீஸ்டார்ட்' செய்திருந்தால் போதும். ஏனெனில் அந்தச் சொல் மட்டும் பழைய பொருளோடு இருக்கிறது. அது கருவையும் மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. நிறுத்து என்றால் முழுதாக நிற்காது, மீண்டும் தொடங்கு என்றால்தான் முழுதாக நிற்கும்! அகராதியைத் தலைகீழாகப் பிடித்ததுபோல் இல்லையா?

சில புதுப்பிப்புகளும் இவ்வாறு நிறுத்தித் தொடங்கும்போது நிறைவேறாமல் போகும். ரீஸ்டார்ட் செய்தால்தான் முடியும். ஒரே பொறியில் விண்டோஸும் லினக்சும் வைத்திருப்போர்க்கு ஆபத்து இன்னும் அதிகம். நிறுத்திவிட்டதாக எண்ணி லினக்சில் நுழைந்து, விண்டோஸ் வைத்திருந்த தட்டுப் பகுதியில் கட்டாயமாக எழுதினால், பாதி உறக்கத்தில் இருந்த கருவின் நினைவும் தட்டின் உண்மை நிலையும் முரண்படும். எழுதிய கோப்புகள் சிதைந்துபோக இடமுண்டு.

என் சொல்லை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் கணிப்பொறியில் 'டாஸ்க் மேனேஜர்' திறந்து, செயல்திறன் பக்கத்தில் செயலகத்துக்குக் கீழே 'அப் டைம்' என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதைக் காட்டும் எண் அது. இப்போது ஷட்டவுன் செய்து, மறுபடி தொடங்கிப் பாருங்கள். வேகத் தொடக்கம் இயங்கும் பொறியானால் எண் சுழிக்குத் திரும்பாமல் பழைய கணக்கைத் தொடரும். பிறகு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சுழியிலிருந்து தொடங்கும். பொறியே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உறங்காத உறக்கம்

நிறுத்தத்துக்கு நேர்ந்த கதி உறக்கத்துக்கும் நேர்ந்தது. பல புதிய மடிக்கணினிகளில் 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' என்ற முறை வந்திருக்கிறது. திரை அணைந்திருக்கும். உள்ளே பொறி இணையத்தோடு தொடர்பு கொண்டபடி, இடையிடையே விழித்து அஞ்சல் பார்க்கும், புதுப்பிப்புகளை இறக்கும். கைப்பேசி அப்படித்தான் வாழ்கிறது. ஆனால் கைப்பேசியைக் காற்றுப் புகாத பையில் இறுக்கி மூடி நாம் எடுத்துப் போவதில்லை. மடிக்கணினி பைக்குள் விழித்துக்கொண்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. பையைத் திறக்கும்போது பொறி சுட, மின்கலம் வற்றியிருப்பதைக் கண்டு திகைத்தோர் பலர். இங்கும் கேள்வி அதுவே: உறங்கு என்று எழுதிய பொத்தான் உறங்க வைக்க வேண்டாமா?

பாராட்ட வேண்டியதையும் சொல்ல வேண்டும். 2007-இல் பொதுமக்களுக்கு வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவில் 'ஹைபிரிட் ஸ்லீப்' என்ற முறை இருந்தது. மேசைக் கணிப்பொறி உறங்கும்போது ரேமிலும் நினைவு இருக்கும். தட்டிலும் ஒரு நகல் இருக்கும். மின்சாரம் இருந்தால் உடனே எழும். இடையில் மின்சாரம் போய்விட்டால் தட்டின் நகலிலிருந்து மீளும். மின்வெட்டுக்குப் பழகிய நமக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். பெயருக்கேற்ற செயலும் அதில் இருந்தது.

ஆகவே என்ன செய்யலாம்?

சாப்பிட்டுவிட்டு வரப் போகிறீர்களா? உறங்க வையுங்கள். ஆனால் அதற்கு முன் எழுதியதைச் சேமித்துவிடுங்கள். யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணிப்பொறியில் மின்சாரம் போனால் ஓட்டைக் குடத்தில் நீர் தங்காது.

இரவு முழுவதும் விடப் போகிறீர்களா? எதுவும் சரியே. சில பைசாக்களின் வேறுபாடுதான்.

மடிக்கணினியைப் பையில் வைத்துப் பயணம் போகிறீர்களா? நிறுத்துங்கள், அல்லது ஹைபர்னேட் செய்யுங்கள்.

பொறியில் கோளாறா? புதுப்பிப்பு வந்ததா? பல நாட்களாக ஓடுகிறதா? ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பொறியை உண்மையாகவே முழுதும் நிறுத்த வேண்டுமா? விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஷட்டவுன் என்பதைச் சொடுக்குங்கள். லினக்சும் உடன் வைத்திருப்போர், கண்ட்ரோல் பேனலின் மின்சார அமைப்புகளில் வேகத் தொடக்கத்தை ஒரேயடியாக நீக்கிவிடுவது நல்லது. எஸ்.எஸ்.டி. உள்ள பொறியில் அதனால் இழக்கும் நேரம் பெரும்பாலும் சில வினாடிகளே.

இவ்வளவையும் ஒருவர் மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பதே வடிவமைப்பின் தோல்வி. பழைய கணிப்பொறிகளில் மின் விசை பக்கத்தில் இருந்தது. 'டக்' என்று அணைத்தால் மின்சுற்று அறுந்தது. கண்ணுக்கும் காதுக்கும் அது தெரிந்தது. அந்த இரும்பு விசை திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பொத்தான்களின் மேல் மூன்று உண்மைகளை எழுதினால் போதும்: நினைவை மின்சாரத்தில் வை, நினைவைத் தட்டில் எழுதி நிறுத்து, நினைவை அழித்து முழுதும் நிறுத்து. எதை அழுத்துவது என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவரே பிறகு முடிவு செய்துகொள்வார்.